ஜெபப் பெட்டியில் என் மகளின் சீட்டு: நம் வீடுகளில் ஏன் யாருக்கும் நேரமில்லை?

ரெண்டுகட்டைக்காரன் (தண்டையார்பேட்டை) | வெள்ளி, இரவு 11:52

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் உபவாச ஜெபம். வாசலில் பச்சை பெயின்ட் அடித்த தகரப் பெட்டி ஒன்று இருக்கும். ஜெப விண்ணப்பத்தைச் சீட்டில் எழுதி அதில் போடலாம். பெட்டியைத் திறந்து சீட்டுகளை மைக்கில் வாசிப்பது மூன்று வருஷமாக என் பொறுப்பு. இன்றைக்கு ஆறு சீட்டு வாசித்தேன். முழங்கால் வலி, பேங்க் லோன், மகனுக்குப் பெண் அமைய வேண்டும், இப்படி வழக்கமானவைதான். ஏழாவது, இரட்டைக்கோடு நோட்டில் கிழித்த தாள். “எங்க அப்பாவுக்கு சனிக்கிழமை லீவு கிடைக்கணும். என்கூட கேரம் ஆடணும். பெயர் வாசிக்க வேண்டாம்.” மெய்யெழுத்துக்கெல்லாம் புள்ளிக்குப் பதில் குட்டி வட்டம் போட்டிருந்தது. அப்படி எழுதுகிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். நாலாம் வகுப்பு படிக்கிறாள், என் வீட்டில் இருக்கிறாள்.

சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மீதியைப் பிரிக்கக் கை வரவில்லை. “வாசிக்காத விண்ணப்பங்களையும் கர்த்தர் அறிவார்” என்று சொல்லி முடித்துவிட்டேன். சபையார் அதற்கும் ஆமென் சொன்னார்கள்.

என் வாரம் இதுதான். மணலி பக்கம் கன்டெய்னர் யார்டில் டாக்குமென்ட் வேலை. காலை எட்டரைக்கு உள்ளே இருக்க வேண்டும், வெளியே வருவது லாரி வரிசையைப் பொறுத்தது. புதன் செல் குரூப் (சின்னக் குழுவாகக் கூடும் ஜெபம்), வியாழன் கொயர் (பாடகர் குழு) பிராக்டிஸ், வெள்ளி உபவாச ஜெபம், சனி பாதி நாள் ஆபீஸ், அப்புறம் கமிட்டி. ஞாயிறு ஓய்வுநாள் பள்ளி, ஆராதனை, அப்புறம் யாராவது ஒருத்தர் வீட்டு ஜெபம். என் மனைவி தனியார் பள்ளியில் டீச்சர். சாயங்காலம் வீட்டில் பதினோரு பிள்ளைகளுக்கு டியூஷன். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் செயலாளரும் அவள்தான். மகளுக்கு இந்தி கிளாஸ், கீபோர்டு கிளாஸ். மூன்று பேரும் ஒரே நேரத்தில் தட்டு முன்னால் உட்காருவது ஞாயிறு மத்தியானம் மட்டும்.

கேரம் ஆசை எப்படி வந்தது என்று கேட்பீர்கள். புதுவண்ணாரப்பேட்டை காஜிமா 2024ல் அமெரிக்காவுக்குப் போய் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் அடித்தாரே, அன்றைக்குப் பிடித்தது. போர்டு வாங்கிக் கொடுத்தேன். அது இப்போது பீரோவுக்குப் பின்னால் நிற்கிறது, அதன் மேல் என் கொயர் சட்டை தொங்குகிறது.

எதை விடுவது? எல்லாம் கர்த்தருடைய வேலையாக இருக்கிறதே.


பெரம்பூர் எஸ்தர் | சனி, காலை 6:10

உன்னதப்பாட்டு 1:6 கடைசி வரியை இன்றைக்கு ஒருமுறை வாசியுங்கள் பிரதர். “என்னைத் திராட்சத்தோட்டங்களுக்குக் காவற்காரியாக வைத்தார்கள், என் சொந்தத் திராட்சத்தோட்டத்தையோ நான் காக்கவில்லை.” கல்யாண வீட்டில் கூட யாரும் வாசிக்காத வசனம். சபைப் பொறுப்பாளர்கள் கூடும் ஸ்டூவர்டு மீட்டிங்கில் வாசிக்கலாம் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.


கலப்பை | சனி, காலை 7:32

பிரதர், கோபப்படாதீர்கள். பிள்ளைப் பாசத்தை வைத்துத்தான் சத்துரு ஊழியக்காரனைப் பின்னுக்கு இழுப்பான். “கலப்பையின்மேல் தன் கையை வைத்துப் பின்னிட்டுப் பார்க்கிற எவனும் தேவனுடைய ராஜ்யத்துக்குத் தகுதியுள்ளவன் அல்ல” என்று லூக்கா 9:62ல் ஆண்டவர் சொன்னது மறந்துவிட்டதா? எங்கள் அப்பா நாற்பது வருஷம் சபைக்காக ஓடினார். நாங்கள் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஆபீசைக் குறையுங்கள், டிவியைக் குறையுங்கள், செல்போனைக் குறையுங்கள். பலிபீடத்தில் கை வைக்காதீர்கள்.


மணலி நைட்ஷிப்ட் | சனி, காலை 8:05

இப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்தேன். ‘ஆபீசைக் குறையுங்கள்’ என்று எழுதிய அண்ணனுக்கு ஒரு வார்த்தை. ஓ.டி.க்கு, அதாவது கூடுதல் நேர வேலைக்கு, இரட்டைச் சம்பளம் என்று சட்டத்தில் இருக்கிறது. அந்த இரட்டைச் சம்பளத்தில்தான் என் பையனுக்கு ஸ்கூல் பீஸ் கட்டுகிறேன். இந்த மாதம் மூன்று ஞாயிறு வேலைக்குப் போனேன். சபையில் யாராவது “தம்பியை ஆராதனையில் காணோமே” என்று கேட்கும்போது எனக்குப் பதில் தெரியவில்லை. பீஸ் ரசீதைக் காட்டவா?

நேரம் இல்லை என்று சொல்பவர்களில் இரண்டு வகை உண்டு. வேண்டாம் என்று சொல்ல முடிந்தும் சொல்லாதவர்கள் ஒரு வகை. சொன்னால் அடுத்த மாத வாடகை போய்விடும் என்பவர்கள் இன்னொரு வகை. இரண்டு பேருக்கும் ஒரே பிரசங்கம் செய்கிறார்கள்.


பாஸ்டர் வீட்டுப் பையன் | சனி, காலை 10:47

கலப்பை அண்ணா, நீங்கள் கெட்டுப்போகவில்லை, சரி. உங்கள் அப்பாவோடு உட்கார்ந்து கடைசியாக எப்போது சிரித்தீர்கள்? எனக்கும் அப்பா பாஸ்டர். ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தலையில் கை வைத்து ஜெபிப்பார். எனக்குக் காய்ச்சல் வந்தால் அம்மாவிடம் ‘டெம்பரேச்சர் எவ்வளவு’ என்று போனில் கேட்பார். குறை சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

நீங்கள் சொன்ன வசனத்துக்குப் பக்கத்தில் மாற்கு 7ஐயும் வையுங்கள். தாய் தகப்பனுக்குச் சேர வேண்டியதை ‘கொர்பான்’, அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறவர்களை இயேசு எப்படிக் கண்டித்தார் என்று அதில் இருக்கிறது. அங்கே விஷயம் பணம். நம் வீடுகளில் நேரம்.

யாத்திராகமம் 18ல் மோசேயின் மாமனார் எத்திரோ வந்து வேலையைப் பங்கு போடச் சொன்ன கதையை எல்லோரும் தலைமைத்துவப் பயிற்சியில் கேட்டிருப்போம். ஆயிரம் பேருக்கு ஒரு தலைவன், நூறு பேருக்கு ஒரு தலைவன், போர்டில் படம் எல்லாம் போடுவார்கள். அந்த அதிகாரம் எங்கே ஆரம்பிக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. எத்திரோ சும்மா வரவில்லை. திருப்பி அனுப்பப்பட்டிருந்த மோசேயின் மனைவி சிப்போராளையும் இரண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டு வருகிறார். மோசே வெளியே வந்து மாமனாரை வணங்கி, முத்தமிட்டு, சுகம் விசாரிக்கிறார். மனைவியிடம் என்ன பேசினார் என்று ஒரு வரி இல்லை. மறுநாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஜனங்களுக்கு நியாயம் விசாரிக்க உட்கார்ந்துவிடுகிறார். இதைப் பார்த்த பிறகுதான் மாமனார், “நீர் செய்கிற காரியம் நல்லதல்ல” என்கிறார். அவர் நிர்வாக ஆலோசகராக மட்டும் பேசினாரா, பெண்ணைக் கொடுத்தவராகவும் பேசினாரா? எனக்கு இரண்டாவதும் காதில் விழுகிறது.


கலப்பை | சனி, காலை 11:20

இது உங்கள் கற்பனை தம்பி. வேதத்தில் இல்லாததைச் சேர்க்காதீர்கள்.


பாஸ்டர் வீட்டுப் பையன் | சனி, காலை 11:26

கற்பனைதான் அண்ணா. மனைவி பிள்ளைகளோடு வந்தார் என்பது மட்டும் வேதத்தில் இருக்கிறது, 5ஆம் வசனம்.


வண்ணை மார்த்தாள் | சனி, மாலை 4:40

டியூட்டி முடிந்து இப்போதுதான் முழுவதும் படித்தேன். ஆண்களாகப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், நானும் ஒரு பக்கம் சொல்கிறேன். என் பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.

என் ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் தெரியுமா? நாலரைக்குத் தெரு பம்பில் தண்ணீர். எட்டுக் குடம் அடித்து மாடிக்கு ஏற்றிவிட்டு நிமிர்ந்தால் ஐந்தேகால். அதற்குள் இவர் காசிமேட்டுக்குக் கிளம்பிவிடுவார். ஞாயிறு காலையில் அங்கே மீன் வாங்குவது அவருக்கு ஓய்வு, விளையாட்டு, ஐக்கியம் எல்லாம். அங்கே நாலு நண்பர்கள், ஒரு டீ. ஆறரைக்கு ஒன்றரைக் கிலோ சங்கராவைக் கொண்டுவந்து சிங்க்கில் வைத்துவிட்டு, “இன்னும் ரெடியாகவில்லையா? ஆராதனைக்கு லேட்டாகும்” என்பார். மீனுக்குச் செதில் இருக்கிறது, குடல் இருக்கிறது என்பது அவருக்குச் சாப்பிடும்போது நினைவுக்கு வராது. கழுவி, மஞ்சள் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, கையை எத்தனை சோப்புப் போட்டாலும் பாட்டுப் புத்தகத்தில் மீன் வாசனை. மத்தியானம் வந்து குழம்பு, வறுவல், அவர் அக்கா குடும்பம். மூன்று மணிக்கு அவர் படுப்பார். நான் டேக்சா தேய்ப்பேன்.

இதில் வருஷத்துக்கு ஒருமுறை பெண்கள் ஞாயிறு என்று ஒன்று வரும். மார்த்தாள், மரியாள் பிரசங்கம் கட்டாயம். இயேசு வந்த வீட்டில் மார்த்தாள் பணிவிடையில் அலைவாள், சகோதரி மரியாள் அவர் காலடியில் உட்கார்ந்து கேட்பாள், அந்தக் கதைதான். “நீ அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்” என்று மார்த்தாளிடம் இயேசு சொன்னதை ஒரு ஐயா எங்களைப் பார்த்துச் சொல்வார். போன வருஷம் அந்தப் பிரசங்கத்தை நான் பின்கட்டில் உட்கார்ந்து, பிரியாணிக்கு முட்டை உரித்துக்கொண்டே ஸ்பீக்கரில் கேட்டேன். மொத்தம் 240 முட்டை.

மார்த்தாளைப் பற்றிய மற்ற இரண்டு இடங்களை யாரும் பிரசங்கிப்பதில்லை. யோவான் 11ல், “நீர் தேவகுமாரனாகிய கிறிஸ்து என்று விசுவாசிக்கிறேன்” என்று அறிக்கை செய்கிறவள் இந்தச் சமையல்காரிதான். யோவான் 12ல் மறுபடி பணிவிடை செய்கிறாள், அப்போது ஆண்டவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆக, சமையல் செய்தது குற்றம் இல்லை. ஒருத்தி தனியாக மாட்டிக்கொண்டதுதான் கஷ்டம்.

தம்பி ரெண்டுகட்டை, நீங்கள் எதை விடுவது என்று கேட்கிறீர்கள். நீங்கள் விட்டதை யார் தலையில் வைப்பீர்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.


ராயபுரம் லூர்து | சனி, இரவு 9:15

தங்கச்சி எழுதியதைப் படித்துவிட்டு எழுந்துபோய் என் தட்டை நானே கழுவிவிட்டு வந்தேன். 63 வயதில் இது ஒரு சாதனை என்று வீட்டில் சொல்கிறார்கள்.

நான் கத்தோலிக்கன். எங்கள் பைபிளில் இணைச்சட்டம், உங்களுக்கு உபாகமம். அதில் 5ஆம் அதிகாரத்தில் ஓய்வுநாள் கட்டளை வருகிறது. நீ, உன் மகன், உன் மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, வாசலுக்குள் இருக்கிற அந்நியன் என்று வரிசையாகப் பெயர் சொல்லி, வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போலவே ஓய்ந்திருக்க வேண்டும் என்கிறது. எகிப்தில் நீ அடிமையாக இருந்தாயே, அதை நினைத்துக்கொள் என்று காரணமும் சொல்கிறது. எங்கள் பங்குக் கோயிலில் ஒரு பெரியவர் ரொம்ப நாளாகக் கேட்கிற கேள்வி: இந்த வரிசையில் மாடு வரை இருக்கிறது, மனைவியைக் காணோமே? “அதனால்தான் என் வீட்டில் அவளுக்கு லீவு இல்லை” என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார். நாங்களும் சிரிப்போம். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.


பெரம்பூர் எஸ்தர் | சனி, இரவு 9:31

அண்ணே, அந்தப் பெரியவரிடம் சொல்லுங்கள். ‘நீ’ என்பதற்குள் மனைவியும் இருக்கிறாள். இரண்டு பேரும் ஒரே மாம்சம் என்று கல்யாணத்தன்று சாமியார் முன்னால் கேட்டுவிட்டு, ஓய்வு என்று வந்தால் மட்டும் தனித்தனி ஆளா?


ராயபுரம் லூர்து | சனி, இரவு 9:40

சொல்லிவிடுகிறேன். அவர் மனைவி பக்கத்தில் இருக்கும்போது சொல்கிறேன்.

அப்புறம் ஒன்று. எங்கள் ஊர்ப் பெயரே ராயப்பரை வைத்து வந்ததுதான், ராயப்பர் என்றால் பேதுரு. ராத்திரி முழுக்க வலை போட்டும் ஒன்றும் கிடைக்காமல், விடியும்போது ஆண்டவர் சொன்ன பக்கம் போட்டு, வலை நிறைய மீனோடு கரைக்கு வருகிறார். உயிர்த்த ஆண்டவர் கரையில் கரி அடுப்பு போட்டு, மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு, “சாப்பிட வாருங்கள்” என்கிறார். ‘என்னை மறுதலித்தாயே’ என்பதைப் பற்றிய பேச்சு சாப்பாட்டுக்கு அப்புறம்தான். இதை இத்தனை வருஷம் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அடுப்பு மூட்டியது யார் என்று தங்கச்சி முட்டைக் கணக்கு சொன்ன பிறகுதான் உறைத்தது.


ஓட்டேரி தாத்தா | ஞாயிறு, மாலை 5:20

பேரன் டைப் செய்துகொடுக்கிறான். நான் சொல்லச் சொல்ல அவன் சுருக்குகிறான், அதனால் கோர்வையாக இருக்காது.

எங்கள் அப்பா பின்னி மில்லில் நெசவுப் பிரிவு. மில் சங்கு ஊதினால்தான் எங்கள் தெருவில் மணி. தொழிற்சங்கத் தலைவர்கள் வாடியாவும் திரு.வி.க.வும் 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கினார்கள் அல்லவா, அப்போது தொழிலாளிகள் சொன்ன குறைகளில் முக்கியமானது மத்தியானச் சாப்பாட்டுக்கு விடுகிற நேரம் போதவில்லை என்பது. உட்கார்ந்து சாப்பிட நேரம் கொடு என்று கேட்டுத்தான் இந்த வடசென்னையில் சங்கம் பிறந்தது. மாற்கு 6:31ல், வருகிறவர்களும் போகிறவர்களும் அதிகமாக இருந்ததால் சீஷர்களுக்குச் “சாப்பிடவும் சமயமில்லை” என்கிற மாதிரி வரும். ஆண்டவர் அவர்களைப் படவில் ஏற்றித் தனியிடத்துக்குக் கூட்டிப்போனார். ஜனங்கள் அங்கேயும் ஓடிவந்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

எங்கள் அப்பா சாப்பாட்டு நேரத்துக்காகக் கொடி பிடித்த கூட்டத்தில் வளர்ந்தவர். என் மகன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு, யாரும் கேட்காமலே, இட்லியை ஒரு கையால் சாப்பிடுகிறான். (பேரன்: தாத்தா, அது எங்கப்பா, படிப்பார்.) படிக்கட்டும்.

மணலித் தம்பி சொன்னதை யாரும் கண்டுகொள்ளாமல் போய்விட்டீர்கள். அவனுக்கு நேர நிர்வாகம் சொல்லிக்கொடுத்துப் பிரயோஜனம் இல்லை. சபை என்றால், அவன் ஞாயிறு வேலைக்குப் போகிற வாரம் பையனைக் கூட்டிக்கொண்டு போய் ஓய்வுநாள் பள்ளியில் விட ஒரு வீடு வேண்டும்.


சும்மா வந்தவன் (காசிமேடு) | ஞாயிறு, இரவு 8:02

நான் கிறிஸ்தவன் இல்லை. நண்பன் லிங்க் அனுப்பினான். மீன் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். அக்கா, செதில் எடுத்து, சுத்தம் செய்து, துண்டு போட்டுக்கொடுக்க மார்க்கெட்டிலேயே ஆள் இருக்கிறார்கள். அதற்குக் கூலி கொடுக்க உங்கள் வீட்டுக்காரருக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

எங்களுக்கு வருஷா வருஷம் ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம். முன்னே 45 நாளாக இருந்தது, 2017லிருந்து 61 நாள். விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது, மீன் முட்டையிட்டுப் பெருகட்டும் என்று. கடலுக்கு ஓய்வு. எங்களுக்கு ஓய்வு என்று சொல்ல மாட்டேன், அந்த நாளில்தான் எஞ்சின் இறக்கி ஏற்றுவது, பெயின்ட், வலை, எல்லாவற்றுக்கும் மேல் கடன். ஆனால் சின்ன வயதில் எனக்கு அப்பா என்று ஒருத்தர் இருக்கிறார் எனத் தெரிந்தது அந்த இரண்டு மாதத்தில்தான். வலை பொத்துகிற இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். ஊசியில் நூல் சுற்றிக் கொடுப்பது என் வேலை. பேசிக்கொண்டே இருப்பார். சட்டம் கட்டாயப்படுத்தியிருக்காவிட்டால் அவர் கரையில் நின்றிருக்க மாட்டார்.


பெரம்பூர் எஸ்தர் | ஞாயிறு, இரவு 10:18

சும்மா வந்தவர் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆசைப்பட்டு ஓய்வெடுக்கிறவர்கள் குறைவு. நாள் குறித்தால்தான் நடக்கும்.

சூசன்னா வெஸ்லியைப் பற்றி உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும், மெதடிஸ்டு இயக்கம் தொடங்கிய ஜான் வெஸ்லியின் அம்மா. பெற்றது பத்தொன்பது, தங்கியது அதில் பாதிதான். அந்த வீட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ராத்திரியில் தனியாக ஒரு நேரம் வைத்திருந்தார், கிழமை வாரியாக. 1712ல் கணவருக்கு எழுதிய கடிதத்தில் அந்த வரிசை இருக்கிறது. ஜானுக்கு வியாழன். அவர் வளர்ந்து ஆக்ஸ்போர்டில் இருந்தபோது அம்மாவுக்கு எழுதுகிறார், அந்த வியாழக்கிழமை சாயங்காலத்தில் கொஞ்சத்தை இன்னும் எனக்காக ஒதுக்க முடியுமா என்று. எனக்கு இரண்டு பிள்ளைகள், எட்டு வருஷமாக இந்தக் கதையை ஓய்வுநாள் பள்ளியில் சொல்கிறேன். என் மகனுக்கு என்ன கிழமை என்று கேட்டால் எனக்கே தெரியாது.

ரெண்டுகட்டை பிரதருக்கு வியாழன் கொயர் பிராக்டிஸ். பார்த்தீர்களா.


கலப்பை | ஞாயிறு, இரவு 10:50

இரண்டு நாளாக யோசித்தேன். நான் எழுதியதில் பாதியை இன்னும் நம்புகிறேன். சோம்பலுக்குக் குடும்பம் என்று பெயர் வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். மற்ற பாதி பற்றி: பாஸ்டர் வீட்டுத் தம்பி கேட்டதற்கு எனக்குப் பதில் ஞாபகம் வரவில்லை. அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது.


மட்டுறுத்துநர் | திங்கள், காலை 9:00

தனிப்பட்ட சபைகளின் பெயரைக் குறிப்பிட்ட இரண்டு பதில்கள் நீக்கப்பட்டன. மற்றபடி தொடருங்கள்.


ரெண்டுகட்டைக்காரன் | செவ்வாய், இரவு 10:33

எல்லோருக்கும் நன்றி. வண்ணை அக்கா சொன்னது இரண்டு நாளாக மண்டையில் ஓடுகிறது. கமிட்டியை விடுகிறேன் என்று ஆயர் ஐயாவிடம் போய்ச் சொன்னேன். நான் போனால் சபையே நின்றுவிடும் என்று உள்ளுக்குள் ஒரு எண்ணம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஐயா இரண்டு நிமிஷத்தில் வேறு ஒருத்தர் பெயரைச் சொல்லிவிட்டார். கொஞ்சம் வலித்தது.

கொயரை விடவில்லை, அது எனக்கு மூச்சு. புதன் செல் குரூப்பை மாதம் இரண்டாகக் குறைத்திருக்கிறேன். ஆபீஸ் சனிக்கிழமையைப் பற்றி மேனேஜரிடம் இன்னும் பேசவில்லை, பயம்தான். மணலித் தம்பி, தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன், பாருங்கள். என் மகளை விடுகிற அதே வண்டியில் உங்கள் பையனுக்கும் இடம் இருக்கிறது.


தண்டையார்பேட்டை டீச்சர் (புதிய உறுப்பினர்) | செவ்வாய், இரவு 11:05

வணக்கம். மேலே எழுதியவரின் வீட்டம்மா. இந்தத் தளத்தில் இவர் இருப்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு முன்பின் தெரியாதவர்களிடம் நேரம் இல்லை என்று எழுத நேரம் இருந்திருக்கிறது.

சீட்டு எழுத அவளுக்குப் பேனா கொடுத்தது நான்தான். அந்த வாரம் பெட்டியில் நானும் ஒரு சீட்டு போட்டேன். எட்டாவதோ ஒன்பதாவதோ இருக்கும். நீங்கள் ஏழோடு நிறுத்திவிட்டீர்கள்.


பாஸ்டர் வீட்டுப் பையன் | செவ்வாய், இரவு 11:07

அண்ணா, சீக்கிரம் மீதிச் சீட்டுகளைப் பிரித்துப் பாருங்கள்.


ரெண்டுகட்டைக்காரன் | செவ்வாய், இரவு 11:29

பார்த்தேன். மீதிச் சீட்டுகளைப் போட்டுவைத்த கவர் பைக் டேங்க் கவரில் இருந்தது. ஒன்பதாவது. பச்சை மை, திருத்துகிற பேனா. “ஞாயிறு மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை யாரும் என்னைக் கூப்பிடாதிருக்க ஜெபிக்கவும். அம்மா என்றும் கூப்பிடக் கூடாது.”


வண்ணை மார்த்தாள் | புதன், காலை 5:50

ஆமென். தண்ணீர் அடித்துவிட்டு வந்து சொல்கிறேன். ஆமென்.


ரெண்டுகட்டைக்காரன் | அடுத்த ஞாயிறு, மாலை 4:12

மீனைக் காசிமேட்டிலேயே வெட்டி வாங்கினேன். குழம்பு வைத்தேன், புளி அதிகம். டீச்சர் உள்ளே தூங்குகிறார், கதவு சாத்தியிருக்கிறது. நானும் மகளும் வராந்தாவில் கேரம் போர்டை விரித்தோம். போர்டு ஒரு மூலை ஈரத்தில் உப்பிப்போய், காயெல்லாம் அந்தப் பக்கமே ஓடுகிறது. பவுடர் இல்லை, முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தூவினோம். ஸ்ட்ரைக்கரையும் காணவில்லை, ஐந்து ரூபாய் காசை வைத்து ஆடினோம். மூன்று ஆட்டமும் அவள்தான். சத்தம் போடாமல் ஜெயிக்கத் தெரியவில்லை அவளுக்கு, வாயைப் பொத்த வேண்டியிருந்தது.

நல்ல ஸ்ட்ரைக்கர் பக்கத்தில் எங்கே கிடைக்கும்?


மணலி நைட்ஷிப்ட் | ஞாயிறு, மாலை 4:20

என்னிடம் இரண்டு இருக்கிறது அண்ணா. அடுத்த ஞாயிறு பையன் வண்டியில் ஏறும்போது கொடுத்துவிடுகிறேன். காசை வைத்து ஆடினால் போர்டில் கீறல் விழும்.